டி.டி.டி.யின் ஆற்றலைக் கண்ட பால் முல்லர்

தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்து, இருப்புப் பாதையின் ஓரத்தில் குடியிருந்து வாழும் நம்மவர்க்கு மலேரியா என்ற சொல் புதியதன்று. பாதை அமைப்பதற்காக மண் வெட்டிய குழிகளில் மழைநீர் தேங்கும். தேங்கிய நீரில் கொசு பெருகும். கொசுவைத் தொடர்ந்து குளிர்காய்ச்சல் வரும். ரெயில் சென்ற இடமெல்லாம் இந்நோயும் உடன் சென்றது என்று கூறும் அளவுக்கு ஒரு காலத்தில் நிலைமை இருந்தது. பழைய வங்காள-நாகபுரி ரெயில்வே, மலேரியாவை ஆராய்வதற்கென்றே ஒரு நிபுணரை வைத்திருந்தது என்றால், நமக்கு முன் இக்காலனிகளில் வாழ்ந்தோர் பட்ட பாட்டை ஒருவாறு ஊகித்துக் கொள்ளலாம்.

அந்நோயை அடக்க வந்த பொருள்களுள் தலையாயது ஒரு வெண்ணிறப் பொடி. அதுவே டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் அதற்கு உண்டு எனக் கண்டறிந்தவர் பால் ஹெர்மன் முல்லர் என்னும் சுவிட்ஸர்லாந்து நாட்டு ரசாயன அறிஞர். அவரும் ஒரு ரெயில்வே ஊழியரின் மகனே என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

அன்னாரைப் புகழ்வது மட்டும் இக்கட்டுரையின் நோக்கமன்று. பழிப்பதும் நோக்கமன்று. நல்லெண்ணத்தோடு கண்டறியப்பட்ட ஒரு பொருள், எந்தக் குணத்தால் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்ததோ அதே குணத்தால் தீங்கும் விளைத்தது. இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்தாலன்றி அவர் வாழ்வு முழுமையாக விளங்காது எனக் கருதியே எழுதப் புகுந்தோம்.

இளமையும் கல்வியும்

முல்லர் 1899-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் ஓல்ட்டன் என்னும் ஊரில் பிறந்தார். சுவிட்ஸர்லாந்தின் இருப்புப் பாதைகள் பல வந்து கூடும் சந்திப்பு அது. நம் நாட்டு இடார்சியையும் விழுப்புரத்தையும் போன்றது எனலாம். தந்தையார் காட்லீப் முல்லர் அந்நாட்டு ரெயில்வேயில் பணிபுரிந்தார். தாயார் பெயர் ஃபான்னி. பிள்ளைகள் நால்வருள் மூத்தவர் பால். குடும்பம் ஓல்ட்டனிலிருந்து லென்ஸ்பர்க்குக்கும், பின்னர் பாஸல் நகருக்கும் குடிபெயர்ந்தது. ஊர் விட்டு ஊர் செல்லும் வாழ்வு எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

சிறுவன் பால் வீட்டிலேயே சிறு சோதனைக்கூடம் ஒன்றை அமைத்துக் கொண்டு, புகைப்படத் தகடுகளைக் கழுவுவதும் கருவிகளைச் செய்து பார்ப்பதுமாகப் பொழுது போக்கினான். பள்ளியில் பெற்ற மதிப்பெண்களோ மெச்சத்தக்கனவாக இல்லை. 1916-இல் படிப்பை விட்டுவிட்டு ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு மற்றொரு நிறுவனத்தில் பணியாற்றினார். கைத்தொழில் அனுபவம் கிடைத்தது. அத்துடன், கல்வி இன்றி மேலே செல்ல இயலாது என்ற தெளிவும் பிறந்தது. 1918-இல் மீண்டும் பள்ளிக்குச் சென்றார், 1919-இல் தேறினார், அவ்வாண்டே பாஸல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1925-இல் டாக்டர் பட்டம் பெற்றார். இடையில் நின்ற படிப்பைத் தொடரத் தயங்கும் இளைஞர்கள் நம் காலனியிலும் உண்டு. அவர்கள் முல்லரின் இந்த மூன்று ஆண்டுகளை நினைவிற் கொள்வது நலம்.

பட்டம் பெற்ற அதே ஆண்டில் பாஸல் நகரின் கெய்கி நிறுவனத்தில் சேர்ந்தார். வாழ்நாளின் பணி முழுவதும் அங்கேயே கழிந்தது. 1927-இல் திருமணம் நிகழ்ந்தது. இரு ஆண் மக்களும் ஒரு பெண்ணும் பிறந்தனர். முதலில் தாவரச் சாயங்கள், தோல் பதனிடும் பொருள்கள் ஆகியவற்றில் ஆராய்ச்சி செய்தார். பிறகு விதைகளைக் காக்கும் மருந்தின்பால் கவனம் சென்றது. அக்காலத்தில் விதைநேர்த்திக்குப் பாதரசம் கலந்த மருந்துகள் வழங்கி வந்தன. பாதரசமோ மனிதர்க்கும் கால்நடைக்கும் கொடிய நஞ்சு. பாதரசம் இல்லாத விதைமருந்து ஒன்றை முல்லர் 1937-இல் உருவாக்கினார். பிறர்க்குத் தீங்கு நேராத மருந்தையே அவர் தேடினார் என்பதற்கு இது சான்று.

ஏழு இலக்கணங்கள்

1935 முதல் அவர் பூச்சிமருந்து ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். அந்நாளில் இருந்த மருந்துகள் இருவகைப்பட்டன. ஆர்ஸெனிக் போன்றவை விலை குறைந்தவை. ஆனால் மனிதரையும் கொல்லும். செவ்வந்தியின் இனத்தைச் சேர்ந்த பைரீத்ரம் மலரிலிருந்து எடுத்த மருந்து மனிதர்க்குப் பெருந்தீங்கு செய்யாது. ஆனால் விலை மிகுதி, வெயில் பட்டால் விரைவில் வலிமை இழந்துவிடும்.

ஆகவே ஒரு சிறந்த பூச்சிமருந்துக்குரிய இலக்கணங்களை முல்லர் தமக்குள் வகுத்துக் கொண்டார். பூச்சிக்குக் கொடிய நஞ்சாதல், விரைந்து வேலை செய்தல், விலங்குகளுக்கும் பயிர்களுக்கும் தீங்கின்மை, எரிச்சலும் நாற்றமும் இன்மை, பலவகைப் பூச்சிகளையும் கொல்லுதல், நெடுநாள் வலிமை குன்றாதிருத்தல், விலை மலிவு ஆகிய ஏழுமே அவை. இவற்றுள் நெடுநாள் நிலைத்தல் என்னும் ஆறாவது இலக்கணத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். வரலாறு முழுவதும் அதனைச் சுற்றியே அமைகின்றது.

நான்காண்டுகள் உழைத்தார். தனித்து வேலை செய்வதே அவர் இயல்பு. கண்ணாடிக் கூண்டில் ஈக்களை விட்டு, ஒவ்வொரு பொருளாகத் தெளித்துத் தாமே சோதித்தார். 349 பொருள்கள் பயன்படவில்லை. 1939 செப்டம்பரில், ஐரோப்பாவில் போர் மூண்ட அதே மாதத்தில், அடுத்த பொருளைச் சோதித்தார். ஈக்கள் கால் தடுமாறி வீழ்ந்து இறந்தன. கூண்டைக் கழுவிய பின் புதிய ஈக்களை விட்டார், அவையும் இறந்தன. கண்ணுக்குப் புலனாகாத சிறு துகள்களே கண்ணாடியில் தங்கி நின்று கொன்றன என்பது விளங்கியது.

அப்பொருள் புதியதன்று. 1874-இலேயே ஸைட்லர் என்னும் மாணவர் அதனைத் தயாரித்திருந்தார். அதன் பயனை அவர் அறியவில்லை. 65 ஆண்டுகள் ஏட்டில் உறங்கிக் கிடந்த பொருளை உலகுக்குப் பயன்படச் செய்தவர் முல்லரே. ஏழு இலக்கணங்களுள் விரைவு ஒன்று தவிர ஏனையவை அனைத்தும் அதற்குப் பொருந்தின என அக்காலத்தில் தோன்றியது.

புகழ்

சுவிட்ஸர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய வண்டுகளை அது முதலில் அழித்தது. 1942-இல் அதன் மாதிரிகள் அமெரிக்காவை அடைந்தன. 1943-ஆம் ஆண்டின் இறுதியில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் டைபஸ் என்னும் கொடிய காய்ச்சல் பரவியது. பேன் வழியே பரவும் நோய் அது. டி.டி.டி.யையும் வேறு பொடிகளையும் கொண்டு பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் ஆடைகளில் தூவினர். குளிர்காலத்தில் பெருகும் இயல்புடைய அந்நோய், அக்குளிர்காலத்திலேயே அடங்கியது. முன்னர் எப்போதும் நிகழாத செயல் இது என மருத்துவ உலகம் வியந்தது.

அடுத்து மலேரியாவின் முறை வந்தது. கொசு இரத்தம் குடித்தபின் சுவரில் அமர்ந்து இளைப்பாறும் வழக்கமுடையது. சுவரில் டி.டி.டி. தெளித்துவிட்டால் ஆறு மாதம் வரை அதன் வலிமை நிற்கும். அமர்ந்த கொசு சாகும். நாள்தோறும் வீட்டுக்கு வீடு மருந்தடிக்க எந்த ஏழை நாட்டால் இயலும்? ஆண்டுக்கு இருமுறை என்றால் இயலும். ஆறாவது இலக்கணம் செய்த உதவி இது.

நம் நாட்டில் விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் ஏழரைக் கோடி மக்கள் மலேரியாவால் பீடிக்கப்பட்டனர் என்றும், எட்டு லட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிட்டனர். 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது; 1958-இல் அது மலேரியா ஒழிப்புத் திட்டமாக விரிந்தது. டி.டி.டி. தயாரிக்க 1954-இல் ஹிந்துஸ்தான் இன்ஸெக்டிஸைட்ஸ் நிறுவனம் அமைக்கப்பட்டது. கைப்பம்பும் வாளியுமாக ஆட்கள் வந்து சுவரெல்லாம் வெள்ளைப் படலம் தெளித்து, கதவில் தேதியை எழுதிச் சென்றதை நம் மூத்தோர் கூறக் கேட்டிருக்கிறோம். 1965-இல் நோயுற்றோர் தொகை ஏறக்குறைய ஒரு லட்சமாகக் குறைந்தது. ஏழரைக் கோடி எங்கே, ஒரு லட்சம் எங்கே! பிழைத்த அவ்வுயிர்களுள் நம் பாட்டன் பாட்டிமாரும் இருந்திருப்பர்.

முல்லருக்கு 1948-இல் மருத்துவத்துக்குரிய நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அவர் மருத்துவர் அல்லர்; ஒரு நோயாளியின் நாடியையும் பார்த்தவர் அல்லர். கண்டுபிடித்த ஒன்பதே ஆண்டுகளில் இப்பெருஞ்சிறப்பு வந்து சேர்ந்தது.

மறுபக்கம்

பரிசு அளிக்கப்படும் முன்னரே முதல் எச்சரிக்கை தோன்றிவிட்டது. 1946-இல் சுவீடனிலும், அடுத்த ஆண்டு இத்தாலியிலும், டி.டி.டி.க்குச் சாகாத ஈக்கள் காணப்பட்டன. லட்சம் பூச்சிகளுள் சில மட்டும் இயற்கையாகவே நஞ்சைத் தாங்கும் வலிமை பெற்றிருக்கும். ஏனையவை இறக்க, இவை மட்டும் பிழைத்துக் குஞ்சு பொரிக்கும். சில ஆண்டுகளில் அவ்வினமே நஞ்சுக்கு அஞ்சாத இனமாகிவிடும். நஞ்சு எத்துணைக் காலம் நிலைத்து நிற்கின்றதோ, அத்துணைக் காலமும் இத்தேர்வு நடந்துகொண்டே இருக்கும். மூட்டைப்பூச்சியும் இவ்வாறே தப்பியது. மருந்தடித்த பின் மூட்டைப்பூச்சி குறையவில்லை, பெருகிவிட்டது என்று மக்கள் குறைகூறி, மருந்தடிப்போரைத் திருப்பி அனுப்பிய ஊர்கள் உண்டு.

வீட்டுச் சுவரோடு நின்றிருந்தால் கேடு சிறிதாகவே இருந்திருக்கும். ஆனால் மலிவான பொருளை மனிதன் அளவோடு கையாளுவதில்லை. பருத்தி வயலிலும், பழத்தோட்டத்திலும், காட்டிலும் விமானம் கொண்டு தெளித்தனர். 1959-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 36,000 டன் டி.டி.டி. செலவாயிற்று. வயலில் தெளித்தது மழைநீரோடு குட்டைக்குச் சென்றது. குட்டையில் வளர்ந்த கொசுப்புழுக்கள் அந்நஞ்சுக்கே பழகின. நோயாளியின் வீட்டைக் காக்க வேண்டிய ஆயுதம் இவ்வாறு வயலிலேயே மழுங்கியது.

டி.டி.டி. நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அழியாப் பொருள் கொழுப்பில் தங்கினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் எல்ம் மரங்களின் நோயைத் தடுக்க அதனைத் தெளித்தார்கள். இலை உதிர்ந்தது, மண்புழு இலையைத் தின்றது, ராபின் என்னும் சிறு பறவை மண்புழுவைத் தின்றது, பறவைகள் துடிதுடித்து வீழ்ந்தன. எவரும் பறவைக்கு நஞ்சு வைக்கவில்லை. மரத்துக்கு மருந்திட்டனர், அவ்வளவே. இவ்வாறு சிறு உயிரிலிருந்து பெரிய உயிருக்குச் செல்லச் செல்ல நஞ்சின் அளவும் ஏறிக்கொண்டே செல்லும். கழுகு, வல்லூறு முதலிய பறவைகளின் உடலில் அது மிகுந்து, முட்டையோடு மெலிந்தது. அடைகாக்கும் தாயின் பாரத்தைத் தாங்காமல் முட்டை உடைந்தது. பிரிட்டனில் ராட்கிளிஃப் என்னும் ஆராய்ச்சியாளர், பழைய முட்டைச் சேகரிப்புகளோடு ஒப்பிட்டு, 1940-களின் பிற்பகுதி முதல் முட்டையோடு மெலிந்து வந்ததை 1967-இல் மெய்ப்பித்தார். அமெரிக்காவின் தேசியப் பறவையாகிய வெண்டலைக் கழுகு, அலாஸ்கா நீங்கலான பெருநிலப்பரப்பில் 1963-இல் 417 இணைகளாகக் குறைந்திருந்தது.

போர்னியோவில் நேர்ந்தது வேறு வகை. கொசுவுக்காக வீட்டினுள் மருந்தடித்தனர். கூரை ஓலையைத் தின்னும் ஒருவகைப் புழு அங்கு உண்டு. அப்புழுவைக் கொன்று அடக்கி வைத்திருந்த சிறு குளவிகள் மருந்தால் மாண்டன, புழுக்கள் மாளவில்லை. காப்போர் இன்றிக் கூரைகள் அரித்து வீழ்ந்தன. கூரைவேய்ந்த வீட்டில் வாழ்ந்த எவர்க்கும் இதன் துன்பம் விளங்கும்.

மனித உடலும் விலக்காகவில்லை. தாய்ப்பாலிலும் டி.டி.டி. கலந்திருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். அது மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகலாம் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-இல் வகைப்படுத்தியது.

மாத்திரையின் கதை

கொசுவுக்கு டி.டி.டி. போல, நோயாளிக்குக் குளோரோகுவின் மாத்திரை வந்தது. இவ்விரு கரங்களாலும் மலேரியாவை ஒழித்துவிடலாம் என உலகம் நம்பியது. மாத்திரைக்கும் அதே கதி நேர்ந்தது. ஊர் முழுவதற்கும் சிறிது சிறிதாக மருந்து சென்று சேரட்டும் என்று, சில நாடுகளில் சமையல் உப்பிலேயே அதைக் கலந்து கொடுத்தார்கள். குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கியது. 1950-களின் இறுதியில் தாய்லாந்து-கம்போடிய எல்லையிலும், தென் அமெரிக்காவிலும் குளோரோகுவினுக்கு அடங்காத மலேரியா தோன்றியது. 1973-இல் நம் அஸ்ஸாமிலும் காணப்பட்டது. நெடுங்காலம் மிகுதியாக உண்டோர்க்கு அம்மாத்திரை விழித்திரையைப் பழுதாக்கியதும் உண்டு. பிரைமாகுவின் என்னும் மற்றொரு மருந்து, பிறவியிலேயே ஒரு நொதி குறைந்தவர்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். ஒருவர்க்கு அமுதமாகும் மருந்து மற்றொருவர்க்கு நஞ்சாகும் என்பது வெறும் பழமொழியன்று.

இறுதி நாட்கள்

இவ்வளவும் முல்லரின் கண்முன்னரே தொடங்கிவிட்டன. அவரோ ஆரவாரம் விரும்பாதவர். ஜூரா மலைப்பகுதியின் செடிகொடிகளிலும், பழத்தோட்டத்திலும், புகைப்படக் கலையிலும் இன்பம் கண்டவர். 1961-இல் ஓய்வு பெற்ற பின்னரும் தம் இல்லத்திலேயே சோதனைக்கூடம் அமைத்து ஆராய்ந்து வந்தார். 1962-இல் அமெரிக்காவின் ரேச்சல் கார்ஸன் அம்மையார் மௌன வசந்தம் என்னும் நூலை வெளியிட்டு, பூச்சிமருந்துகளின் தீங்கை உலகறியச் செய்தார். மருந்தே கூடாது என்பது அம்மையாரின் கொள்கையன்று. விளைவறியாமல் வாரி இறைத்தலையே அவர் கண்டித்தார். அடுத்த ஆண்டு, 1963-இல், கிரீஸ் நாட்டின் தெஸலோனிக்கிப் பல்கலைக்கழகம் முல்லருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. மலேரியாவால் நெடுங்காலம் நலிந்த நாடு அது. ஒருபுறம் உலகெங்கும் கண்டனம். மறுபுறம் காய்ச்சலிலிருந்து மீண்ட ஒரு நாட்டின் நன்றி. இரண்டும் உண்மை, இரண்டும் அவர்க்கு உரியன. 1965 அக்டோபர் 13-இல் பாஸல் நகரில் அன்னார் இயற்கை எய்தினார்.

பின் நிகழ்ந்தவை

அமெரிக்கா 1972-இல் டி.டி.டி.க்குத் தடை விதித்தது. வெண்டலைக் கழுகுகள் மெல்லப் பெருகி ஏறக்குறைய 9,800 இணைகளாயின. 2007-இல் அழிவுக்குரிய பறவைகளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நம் நாட்டில் 1989-இல் விவசாயத்துக்கு டி.டி.டி. பயன்படுத்துதல் விலக்கப்பட்டது. 2004-இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, நோய் பரப்பும் பூச்சிகளைத் தடுப்பதற்கு மட்டும் அதற்கு இடம் விட்டது.

அவ்வாறு இடம் விட்டதன் காரணத்தை அண்டை நாடாகிய இலங்கை உணர்த்துகின்றது. 1946-இல் அங்கே 28 லட்சம் பேர் மலேரியாவால் வருந்தினர். 1963-இல் நோயுற்றோர் 17 பேர் மட்டுமே. வெற்றி கிட்டியதென்று மருந்தடிப்பதை நிறுத்தினர், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969-இல் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் நோயுற்றனர். பின்னர் தெளித்தபோதோ, கொசுக்கள் பழகிவிட்டன. வேறு மருந்தை நாட நேர்ந்தது. நம் நாட்டிலும் அவ்வாறே 1976-இல் தொகை 64 லட்சத்தை எட்டியது. அளவின்றித் தெளித்ததும் கேடு; அயர்ந்து கைவிட்டதும் கேடு. இலங்கை மனந்தளரவில்லை. நோயாளிகளைத் தேடிக் கண்டு மருந்தளித்தும், கொசுவலை வழங்கியும், இடமறிந்து மருந்தடித்தும் உழைத்து, 2016-இல் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றைப் பெற்றது.

நாம் செய்யத்தக்கவை

முல்லரின் வாழ்வு ஒரு பொருளின் நன்மையைக் கண்டவுடன் அதன் கணக்கு முடிந்துவிடுவதில்லை என்பதை நமக்குக் கற்பிக்கின்றது. வரவு ஒரு பக்கம் எழுதப்பட்டால், செலவு மறுபக்கம் எழுதப்பட்டே தீரும். கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இதைப் பிறர் சொல்ல வேண்டுமா?

ஆகவே காலனிக் குடும்பத்தாருக்குச் சில வேண்டுகோள்கள். கொசுவை நீரிலேயே ஒழிப்பது நஞ்சில்லா வழி. பழைய டயர், உடைந்த தொட்டி, மூடாத நீர்த்தொட்டி ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவனியுங்கள். வயலுக்குரிய பூச்சிமருந்தை மூட்டைப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் என்று வீட்டுக்குள் கொணராதீர்கள். குழந்தைகள் தவழும் இடம் அது. காய்ச்சல் கண்டால் தாமே மாத்திரை வாங்கி உண்ணாமல், இரத்தம் சோதித்து, மருத்துவர் குறித்த நாள் வரை உண்ணுங்கள். பிரைமாகுவினை 14 நாட்கள் உண்ணச் சொன்னால், காய்ச்சல் நின்ற மூன்றாம் நாளே நிறுத்தலாகாது. மருந்து உண்ணும்போது சிறுநீர் கறுத்தாலோ, உடல் வெளுத்தாலோ உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். வலைக்குள் உறங்குவதை நாகரிகக் குறைவாக எண்ணாதீர்கள்.

ஒரு ரெயில்வே ஊழியரின் மகன் 349 முறை தோற்று, அதன் பின்னும் தளராமல் மனித குலத்துக்கு ஒரு கருவியை அளித்தார். அக்கருவியை அளவறிந்து கையாளும் பொறுப்பு அவருடையதாக மட்டும் இருக்கவில்லை. அது நம் எல்லோருடையதுமாக இருந்தது, இன்றும் இருக்கின்றது.